மின்சிகரெட்டுக்குள் நிகழும் சூடாக்கம் குறித்துப் பெற்றோர்களுக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் பத்தாம் வகுப்பில் மின்னோட்டத்தின் வெப்ப விளைவு பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது, இஸ்திரிப்பெட்டி, மின்அடுப்பு, வெந்நீர்க் கொதிகலன் என்று ஆசிரியர் எடுத்துக்காட்டுகளைச் சொல்லிக்கொண்டு வர, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "வேப்பும் இப்படித்தானே வேலை செய்கிறது?" என்று கேட்டிருக்கிறார். மின்சிகரெட்டைத்தான் பிள்ளைகள் வேப் என்கிறார்கள். வகுப்பே சிரித்துவிட்டது. ஆசிரியர் சிரிக்காமல், கேள்வி மிகச் சரியானது என்று சொல்லி, அதற்கு விடையும் அளித்தார். அன்று மாலை என் அறைக்கு வந்த அவர், "அந்தக் கருவியைப் பற்றி நமக்குத் தெரிந்ததைவிடப் பிள்ளைகளுக்கு அதிகம் தெரிகிறது, ஆனால் தெரிந்ததில் பாதி தவறு" என்றார். இக்கடிதம் அந்தத் தவறான பாதியைப் பற்றியது.

பிள்ளைகள் சொல்வது இதுதான்: உள்ளே தீ இல்லை, ஆகவே புகை இல்லை, வெளியே வருவது வெறும் நீராவி. இதில் முதல் பகுதி உண்மை. மின்சிகரெட்டைப் "புகை" என்று நீங்கள் கண்டித்தால், உங்கள் மகனோ மகளோ உங்களைத் திருத்துவார்கள். அந்தத் திருத்தம் சரியாகவும் இருக்கும். "அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்ற எண்ணத்தோடு பேச்சு அங்கேயே முடிந்துபோகும். எனவே, கண்டிப்பதற்கு முன்பாக அக்கருவி எவ்வாறு சூடேறுகிறது என்பதைப் பெற்றோர்களாகிய நீங்கள் அறிந்திருப்பது நல்லது என்று கருதுகிறேன்.

ஒரு லித்தியம் அயனி பேட்டரி, மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று, அச்சுருளைத் தொட்டபடி இருக்கும் பஞ்சுத்திரி, திரி உறிஞ்சிக்கொள்ளும் திரவம் ஆகியவையே அதன் முக்கிய உறுப்புகள். பல கருவிகளில் அழுத்துவதற்குப் பொத்தான்கூட இருப்பதில்லை. வாயால் இழுக்கும்போது உள்ளே காற்றழுத்தம் குறைவதை ஒரு சிறு உணரி கண்டறிந்து மின்சுற்றை இணைத்துவிடுகிறது. மின்னோட்டம் பாய்ந்ததும் நிக்ரோம் அல்லது காந்தல் (Kanthal) போன்ற உலோகக் கலவையாலான சுருள் ஓரிரு நொடிகளில் சூடேறி, திரியிலுள்ள திரவத்தை ஆவியாக்குகிறது.

நீண்ட காலம் இயற்பியல் கற்பித்தவன் என்பதால் ஒரு சிறு கணக்கைத் தவிர்க்க என்னால் முடியவில்லை. 3.7 வோல்ட் பேட்டரியோடு 1.2 ஓம் மின்தடையுள்ள சுருளை இணைத்தால், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்கும் சூத்திரப்படி, ஏறக்குறைய 11 வாட் வெப்பம் கிடைக்கும். மின்தடையைப் பாதியாக்கினால், அதே பேட்டரி அச்சுருளில் இருமடங்கு வெப்பத்தை உண்டாக்கும். கைக்குள் மறையும் ஒரு பொருளில், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சுருளின்மேல் இவ்வளவு வெப்பமும் குவிகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பாடநூலில் இதே சூத்திரத்தைப் படித்துச் சலித்துக்கொள்ளும் பிள்ளைகள், குறைந்த ஓம் சுருளில் ஆவி அதிகம் வரும் என்பதை மட்டும் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இனி, அந்தத் திரவம். அது பெரும்பாலும் தண்ணீர் அன்று. புரோபிலீன் கிளைகால், கிளிசரின் ஆகிய இரண்டின் கலவையில் நிக்கோடினும் மணமூட்டிகளும் சேர்ந்ததே அது. முதலாவது 188 பாகை செல்சியஸிலும், இரண்டாவது 290 பாகையிலும் கொதிப்பவை. சூடான ஆவி குளிர்ந்த காற்றில் கலந்தவுடன் கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத நுண்துளிகளாகத் திரண்டு வெண்மேகமாகத் தோன்றுகிறது. ஆகவே "நீராவி" என்ற சொல்லே பொருந்தாது. நுரையீரலின் ஆழம்வரை சென்று படியக்கூடிய வேதிப்பொருள் துளிகள் அவை.

திரி ஈரமாக இருக்கும்வரை, திரவத்தின் கொதிநிலை ஒரு வேலிபோல் நின்று சுருளின் வெப்பநிலையை அளவோடு வைத்திருக்கிறது. அடுப்பில் ஏற்றிய பாத்திரத்தில் நீர் இருக்கும்வரை அது கருகாது, நீர் வற்றியதும் அடிப்பிடிக்கும் என்பது நாம் அறிந்ததே. திரியில் திரவம் குறைந்தாலோ, அடுத்தடுத்து நீண்ட நேரம் இழுத்ததால் திரி நனைய அவகாசம் கிடைக்காமல் போனாலோ, சுருளின் சூடு அந்த வேலியைத் தாண்டிவிடும். அப்போது கிளைகாலும் கிளிசரினும் ஆவியாவதோடு நில்லாமல் சிதையத் தொடங்குகின்றன. ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, கருகிய எண்ணெயின் காட்டமான நெடிக்குக் காரணமான அக்ரோலின் ஆகியவை இச்சிதைவில் பிறக்கின்றன. இவற்றுள் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதிசெய்யப்பட்டது. வேதிமாற்றம் நிகழத் தீ வேண்டியதில்லை, சூடே போதும் என்பதைத்தான் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். மேலும், இனிப்பூட்டிகள் சுருளில் கருகிப் படிகின்றன. திரும்பத் திரும்பச் சூடேறிக் குளிரும் உலோகத்திலிருந்து நிக்கல், குரோமியம் முதலியவற்றின் துகள்கள் நுண்துளிகளில் கலப்பதும் ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவிகள் வந்துவிட்டன என்று சில மாணவர்கள் வாதிடக்கூடும். அவை இருப்பது உண்மைதான். நிக்கல், டைட்டானியம் போன்றவற்றின் மின்தடை சூடேறச் சூடேற உயரும். அந்த உயர்வை அளந்து, ஒரு சிப் மின்சாரத்தைக் குறைத்துவிடும். இது நல்ல பொறியியல் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அது சுருள் முழுவதற்குமான சராசரியையே அறியும். திரி காய்ந்த ஓரிடத்தில் ஏறும் சூட்டை அது தவறவிடலாம். இவ்வசதி எல்லாக் கருவிகளிலும் இல்லை. அனைத்தையும்விட முக்கியமாக, சூடாக்கும் முறை மேம்பட மேம்பட நிக்கோடின் உடலுக்குள் சேர்வதும் திறமையாக நடக்கிறது. நெருப்பில்லாச் சிகரெட்டுக்கு அமெரிக்காவில் 1965இலேயே காப்புரிமை வழங்கப்பட்டிருந்தும், 2003இல் சீன மருந்தாளுநர் ஹான் லிக் உருவாக்கிய வடிவத்திற்குப் பிறகே இது உலகெங்கும் பரவியது. அவருடைய தொடக்கக் கருவி மீயொலி அதிர்வால் திரவத்தைத் துளிகளாக்கியது. அந்த இடத்தைப் பின்னர் சூடான சுருள் பிடித்துக்கொண்டது. அதற்கும் பின்னர், திரவத்தில் அமிலம் சேர்த்து நிக்கோடினை உப்பாக்கும் முறை வந்தது. தொண்டையில் ஏற்படும் காறல் இதனால் வெகுவாகக் குறைந்துவிட்டது. முதன்முறை இழுக்கும் ஒரு பிள்ளையை இருமவைத்துத் தடுத்தது அந்தக் காறல்தான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எரியும் சிகரெட்டின் நுனி, இழுக்கும்போது ஏறத்தாழ 900 பாகை வரை சூடேறுகிறது. அதில் பிறக்கும் நச்சுகளின் எண்ணிக்கையும் அளவும் மின்சிகரெட்டில் வருவதைவிட மிக அதிகம். இதை மறைத்துப் பேசினால் பிள்ளைகள் நம்மை நம்பமாட்டார்கள். எனினும் அந்த ஒப்பீடு பல ஆண்டுகளாகப் புகைப்பவருக்கு உரியது. எதையும் புகைத்திராத 14 வயதுப் பிள்ளைக்கு ஒப்பிட வேண்டிய மறுபொருள் சாதாரணக் காற்றுதான். அவ்வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், நிக்கோடினுக்கு எளிதில் அடிமையாகும்.

மணமூட்டிகள் உண்ணத் தகுந்தவை என்ற வாதத்தையும் கேட்பீர்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது, சூடாக்கப்பட்டு நுரையீரலுக்குள் செல்லும்போதும் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு உறுதி இல்லை. 2019இல் அமெரிக்காவில் பலரின் நுரையீரலைக் கடுமையாகப் பாதித்த நோயோடு தொடர்புபடுத்தப்பட்டது வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் எண்ணெய். அது உணவு மாத்திரைகளிலும் சருமப் பூச்சுகளிலும் இருப்பதே. அந்நோயாளிகளில் பெரும்பாலோர் கஞ்சாச் சாறு கலந்த திரவத்தைப் பயன்படுத்தியவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைவிட்டுச் சொன்னால் அது மிகைப்படுத்தலாகிவிடும்.

வீட்டில் பேனா அல்லது பென்டிரைவ் போன்ற அறியாத பொருள் ஏதேனும் கிடைத்தால், அதைப் பிரித்துப் பார்க்கவோ, கிடைத்த சார்ஜரில் செருகவோ, குப்பையில் எறியவோ வேண்டாம். நசுங்கிய லித்தியம் பேட்டரி தானாகவே தீப்பற்றக்கூடும். உள்ளிருக்கும் திரவம் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். சிறு குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பள்ளியில் தாமாக முன்வந்து சொல்லும் எந்த மாணவரும் தண்டிக்கப்பட மாட்டார். பெற்றோர், ஆலோசகர், மருத்துவர் ஆகியோரின் துணையோடு நிறுத்துவதற்கு வழிசெய்வோம். நிறுத்திய முதல் நாள்களில் எரிச்சலும் கவனச்சிதறலும் இருக்கும். அதைத் திமிர் என்று எண்ணிவிடாதீர்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு, அந்தக் கேள்விக்கு விடையளித்த அதே ஆசிரியர், இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு நிக்ரோம் கம்பியையும் பஞ்சுத்திரியையும் தண்ணீரையும் கொண்டு, திரி ஈரமாக இருக்கும்போதும் காய்ந்தபின்பும் கம்பியின் வெப்பநிலை எவ்வாறு மாறுகிறது என்பதை வெப்பமானியால் அளந்து காட்டுவார். மின்சிகரெட் எதுவும் அங்கே பயன்படுத்தப்படாது. தங்கள் பிள்ளையுடன் வந்து அருகருகே அமர்ந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்ட மாணவரே அன்று அளவீடுகளைக் கரும்பலகையில் குறிக்க ஒப்புக்கொண்டுள்ளார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்