சோலார் பலகையை நம்பிப் பறக்கக் கிளம்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்சார பாராமோட்டாரை (முதுகில் மோட்டாரை மாட்டி, தலைக்கு மேல் விரியும் துணி இறக்கையால் பறக்கும் கருவி) கேம்பிங் போகும் இடத்துக்குக் கொண்டுபோய், மடிப்பு சோலார் பலகையில் சார்ஜ் போட்டு நாள் முழுக்கப் பறக்கலாம் என்று உங்கள் ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் தாமான் (குடியிருப்பு) பையன்கள், "அங்கிள், எத்தனை பலகை வாங்கலாம்?" என்று வந்து நிற்கிறார்கள். ஜெராய் மலை அடிவாரத்தில் பல வருடமாக வயர்மேன் வேலை பார்ப்பவன் நான். கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

முதுகில் மாட்டும் அந்த மோட்டாரின் பேட்டரி 3, 4 யூனிட் மின்சாரம் பிடிக்கும். வீட்டு ஐஸ்பெட்டி மூன்று நாளைக்கு ஓடும் மின்சாரம் அது. மேலே போனால் அரை மணி, முக்கால் மணியில் தீர்ந்துவிடும். 200 வாட் பலகையோ நம் வெயிலில் ஒரு நாளைக்கு முக்கால் யூனிட் கொடுத்தாலே பெரிது. அதிலும் இன்வர்ட்டர், சார்ஜர் என்று ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிடும். ஒரு பலகையோடு போகிறவர் ஒரு தடவை பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் கூடாரத்தில் கிடக்க வேண்டும். ஆறு பலகை கொண்டுபோனால் தினம் ஒரு தடவை பறக்கலாம், மத்தியானம் மழை வராமல் இருந்தால்.

பலகையை 40 டிகிரி சாய்த்து வைக்கச் சொல்லியிருந்தீர்கள். அது ஐரோப்பாவுக்குச் சரி. எங்கள் ஊர் பீடோங் பூமத்திய ரேகையிலிருந்து 6 டிகிரிகூட இல்லை. உச்சி வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கும், பலகையைப் படுக்கப் போட்டாலே போதும். இன்னொன்று, சூடு ஏறினால் கரண்டும் ஏறிக்கொண்டே போகும் என்று நினைக்கிறார்கள். பலகை 25 டிகிரியைத் தாண்டிச் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் அது தரும் மின்சாரம் 0.3, 0.4 விழுக்காடு குறைகிறது. செம்பனை மட்டையின் நிழல் ஓர் ஓரத்தில் விழுந்தாலும் கரண்ட் பெருமளவு படுத்துவிடும்.

சரி, ஜெனரேட்டர்? சின்னதாக 2 கிலோவாட் ஜெனரேட்டர் இருந்தால் மூன்று மணி நேரத்தில் வேலை முடியும். பெட்ரோல் கிட்டத்தட்ட 3 லிட்டர் போகும். அந்தப் பெட்ரோலை பெட்ரோல் பாராமோட்டாரில் ஊற்றியிருந்தால் முக்கால் மணிக்குக் குறையாமல் பறந்திருக்கலாமே! தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த எனக்கு ராத்திரி ஜெனரேட்டர் சத்தம் பழக்கம்தான், பக்கத்துக் கூடாரக்காரர் என்ன பாவம் செய்தார்?

உண்மையில் கைகொடுப்பது மின்சாரக் கார்தான். பிஒய்டி அட்டோ 3 போன்ற சில கார்களிலிருந்து வெளியே 3 கிலோவாட் அளவுக்கு 230 வோல்ட் மின்சாரம் எடுக்கலாம். அதன் பேட்டரி 50, 60 யூனிட் கொள்ளும், பாராமோட்டாரை ஒரு தடவை நிரப்ப அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த வசதி இல்லாதவர்கள் வீட்டிலேயே இரண்டு பேட்டரியை நிரப்பி எடுத்துப் போவது மேல்.

நீங்கள் எழுதாமல் விட்டது வயர். அண்மையில் தோட்டத்துத் திடலில் பையன்கள் ஒரு எக்ஸ்டென்ஷன் உருளையில் இரண்டு சார்ஜரை மாட்டியிருந்தார்கள். வயரில் முக்கால்வாசி உருளையிலேயே சுற்றிக் கிடந்தது. வெளியே கிடந்த வயரைத் தொட்டால் ஒன்றும் தெரியவில்லை. உருளைக்குள் விரலை விட்டதும் சுட்டது. பிரித்துப் பார்த்தால் உள் சுற்றுகளின் ரப்பர் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. முழுக்க இழுத்துவிட்டால் 13 ஆம்பியர் தாங்கும் உருளை, சுற்றியபடியே இருந்தால் அதில் பாதிகூடத் தாங்காது. சூடு வெளியேற வழியில்லை. பெரும்பாலான உருளைகளில் இரண்டு அளவையும் லேபிளிலேயே போட்டிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்?

பேட்டரிக்கும் அதே சூடுதான் எமன். இறங்கியவுடனே, கொதிக்கக் கொதிக்கச் சார்ஜில் போடக் கூடாது. 45 டிகிரிக்கு மேல் இருந்தால் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. நிழலில் ஆறவிட்டு, கூடாரத்துக்கு வெளியே, ஆள் கண்ணெதிரில் போட வேண்டும். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைக் கூடாரத்துக்குள் இழுத்துவிடாதீர்கள், அந்தப் புகையில் தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

சோலாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு பலகை வாங்கச் சொல்லியிருக்கிறேன், கைப்பேசிக்கும் வாக்கி டாக்கிக்கும் ராத்திரி ஓடும் காற்றாடிக்கும்.

இப்படிக்கு,
வயர்மேன் வாசகர்,
பீடோங், கெடா.