பழைய மெஷினை இரும்புக்குப் போடமுன் ஒரு கேள்வி கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். வீட்டில் லாப்டொப் வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுதியிருந்தீர்கள், நல்லது. ஆனால் கொழும்பில் இதில் கூடுதலாக அடிபடுகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கணினியோடு ஒரு மெஷினைக் கட்டி வைத்துத் தொழில் செய்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

என் வேலை மெஷின் திருத்துவது. புறக்கோட்டை, ஆமர் வீதி, பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் பார்ப்பீர்கள்: கடைசல் பட்டறையில் கணினியால் ஓடுகிற ஒரு சிஎன்சி லேத், மாடியில் ஒரு எம்பிரொய்டரி மெஷின், செட்டியார் தெரு நகைக்கடையில் லேபல் அடிக்கிற தராசு, பழைய ஹோட்டல்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற தொலைபேசி எக்ஸ்சேஞ்ச். இவற்றில் பலவற்றுக்குப் பின்னால் கணினியோடு கேபிளால் பேசுகிற ஒரு சீரியல் சொக்கெட் இருக்கும். ஆர்எஸ்-232 என்ற அந்தத் தரநிலை 1960இல் வந்தது, கணினிப் பக்கத்தில் நாம் பார்த்துப் பழகிய 9 பின் வடிவம் 1984இல் ஐபிஎம் ஏடி கணினியோடு பரவியது. மெஷினுக்கு ஒரு குறையும் இராது. அதோடு வந்த புரோகிராம்தான் விண்டோஸ் 98க்கோ எக்ஸ்பிக்கோ எழுதியது. 16 பிட் என்கிற பழைய வகைப் புரோகிராம் என்றால் 64 பிட் விண்டோஸில் திறக்கவே திறக்காது, விண்டோஸ் 11ஓ 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது.

ஏஜென்டைக் கூப்பிட்டால் வருகிற பதில் ஒன்றுதான், புதுசு எடுங்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை, ஆனால் ஒரு முதலாளிக்கு இப்படிச் சொல்லப்பட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, கணினியின் மதர்போர்ட் செத்துவிட்டது, அதற்காக முழு மெஷினையும் மாற்றச் சொல்கிறார்கள். பழுதானது மெஷினா, கணினியா என்று முதலில் கேளுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் மட்டுக்குப் போன நாட்டில் இப்படி லேசாகச் சொல்ல முடிகிறது என்றால் விற்கிறவர் பணம் போடவில்லை என்று அர்த்தம்.

பழைய எக்ஸ்பியை வர்ச்சுவல் மெஷின் ஒன்றுக்குள், அதாவது மென்பொருளால் உண்டாக்கிய கணினி ஒன்றுக்குள், வைத்துப் புதிய கணினியில் ஓட்டலாம் என்பது கணினி படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்கள் செய்தும் தருகிறார்கள். புரோகிராம் அழகாகத் திறக்கும், மெஷினோடு மட்டும் பேசாது. பிரச்சினை எப்போதும் கேபிளில்தான் வந்து நிற்கும், ஏனென்றால் புதுக் கணினியில் 9 பின் சொக்கெட் இல்லை, எல்லோரும் கடையில் ஒரு யூஎஸ்பி சீரியல் அடாப்டர் வாங்குகிறார்கள், அந்த அடாப்டரை அப்படியே வர்ச்சுவல் மெஷினுக்குள் தள்ளிவிடுகிறார்கள். வர்ச்சுவல் மெஷின் ஓட்டுகிற வர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளில் ஒரு டிக் போட்டால் போதும் என்பதால் இந்த வழிதான் எல்லோருக்கும் பழக்கம்.

இப்படித் தள்ளினால் உள்ளே இருக்கிற எக்ஸ்பி உண்மையான சிப்பையே பார்க்கும், அதற்கு எக்ஸ்பி டிரைவரும் (சிப்போடு பேச வைக்கிற மென்பொருள்) கேட்கும். வெளியே பார்த்தால் எல்லா அடாப்டரும் ஒரே நீல நிறம். உள்ளே எஃப்டிடிஐ சிப் இருக்கலாம், புரொலிஃபிக் இருக்கலாம், சிஎச்340 இருக்கலாம், இவற்றில் எதன் போலியாகவும் இருக்கலாம். போலி என்பது சின்ன விஷயம் இல்லை. 2014இல் எஃப்டிடிஐ கம்பனி வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணையே பூச்சியமாக்கிச் செயலிழக்கச் செய்தது, உலகம் முழுக்க ஆட்கள் கத்திய பிறகுதான் அதைப் பின்வாங்கினார்கள். புரொலிஃபிக்கின் புதிய டிரைவரோ, பழைய சிப் என்றால் இது 2012இலேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று எழுதிக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். சரி, எப்படியோ ஒன்றை வேலை செய்ய வைத்தோம் என்று வையுங்கள். ஆறு மாதத்தில் அந்த அடாப்டர் பழுதாகும், அதே கடையில் அதே நிறத்தில் இன்னொன்று வாங்குவீர்கள், உள்ளே வேறு சிப். மறுபடி டிரைவர் தேட வேண்டும், மறுபடி ஒரு நாள் வேலை போகும்.

நான் சொல்ல வருகிற வழி வேறு. கியூஎமு என்று வர்ச்சுவல் மெஷின் ஓட்டுகிற ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, ஃபப்ரீஸ் பெல்லார்ட் 2003இல் தொடங்கியது. அது ஒரு யூஎஸ்பி சீரியல் அடாப்டரையே மென்பொருளால் உண்டாக்கித் தரும். எஃப்டிடிஐயின் எஃப்டி232பிஎம் சிப் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே இதுவும் நடந்துகொள்ளும்: அடையாள எண் 0403, 6001, அந்தச் சிப் பொட்டலத்துக்குப் பொட்டலம் தரவுக்கு முன்னால் அனுப்புகிற 2 பைட் நிலைத் தகவல் வரை. உள்ளே இருக்கிற எக்ஸ்பிக்கு எஃப்டிடிஐ டிரைவரை ஒருமுறை போட்டால் போதும். வெளியே இருக்கிற கணினியில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் ஓடினால் எஃப்டிடிஐ, புரொலிஃபிக், சிஎச்340 மூன்றுக்கும் டிரைவர் அதன் கேர்னலோடேயே (மையப் பகுதியோடேயே) வந்துவிடுகிறது. கடையில் எதை வாங்கிச் செருகினாலும் வெளியே இருக்கிற கணினி அதைப் பார்த்துக்கொள்ளும். வாசலில் காவலுக்கு நிற்கிற ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் உள்ளே இருக்கிறவருக்கு ஒரே குரல் கேட்பது மாதிரி. எக்ஸ்பிக்கு எப்போதும் அதே அடாப்டர், அதே கொம் போர்ட் (சீரியல் இணைப்புக்கு விண்டோஸ் வைக்கிற பெயர்) எண்.

யூஎஸ்பி எதற்கு, பழைய சீரியல் போர்ட்டையே எமுலேட் செய்யலாமே, அதாவது மென்பொருளால் உண்டாக்கலாமே என்று விஷயம் தெரிந்த வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. பெரும்பாலும் அதுவே போதும். வர்ச்சுவல்பொக்ஸும் 16550ஏ என்கிற பழைய சீரியல் சிப்பை அப்படித்தான் எமுலேட் செய்து தருகிறது, வெளியே இருக்கிற அடாப்டரோடு அதை இணைக்கலாம். விண்டோஸுக்கு முந்திய டொஸ் புரோகிராம் என்றால் வேறு வழியே இல்லை, அது போர்ட் முகவரியை நேராகத் தொடும், யூஎஸ்பி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. ஆனால் மெஷினோடு யூஎஸ்பி கேபிளும் சேர்ந்தே வந்திருந்தால் அதன் புரோகிராம் சிலவேளை யூஎஸ்பி அடாப்டரைத்தான் தேடும், கொம் 1ஐக் கொடுத்தால் திரும்பியும் பார்க்காது. வர்ச்சுவல்பொக்ஸில் சீரியல் போர்ட் நான்குக்கு மேல் வைக்கவும் முடியாது, ஒரே கணினியில் நிறையத் தராசு கட்டியிருக்கிற இடங்களில் அது போதாது. அங்கெல்லாம் யூஎஸ்பி எமுலேஷன் கைகொடுக்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது என்னைத்தான் ஏசுவார்கள். மெஷின் வேறு அறையில் இருக்கிறது, நெட்வேர்க் வழியாக சும்மா டிசிபி என்கிற வழமையான நெட்வேர்க் முறையில் அனுப்புவோம் என்று செய்தால் எழுத்துகள் போகும், ஆனால் ஆர்டிஎஸ், டிடிஆர் என்கிற கட்டுப்பாட்டுக் கம்பிகளின் நிலை போகாது. பல லேத்கள் அந்தக் கம்பியைப் பார்த்துத்தான் நிறுத்து, அனுப்பு என்று சொல்கின்றன, ஆகவே நேராக அடாப்டரோடு இணைப்பதே நல்லது. அடுத்தது தாமதம். உண்மையான எஃப்டிடிஐ அடாப்டர் பொட்டலம் நிறையாவிட்டால் வழமையாக 16 மில்லி செக்கன் காத்திருந்துதான் அனுப்பும். ஒவ்வொரு சின்னத் துண்டுக்கும் பதில் எதிர்பார்க்கிற மெஷினில் இது கூடிக்கூடி ஆமை வேகமாகிவிடும். லினக்ஸில் அந்த எண்ணை 1க்குக் குறைக்கலாம், பலருக்கு இது தெரியாததால் வர்ச்சுவல் மெஷினே சரியில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் திகதியே முடிந்துவிட்டது, அதனால் உள்ளே இருக்கிற எக்ஸ்பிக்கு இணையத் தொடர்பு கொடுக்கவே வேண்டாம்.

வாகனம் திருத்துகிற பஞ்சிகாவத்தை நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. வாகனத்தின் இசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கணினிப் பெட்டி) வாசிக்க, பிழைக் குறி பார்க்க இந்த வழி சரி. இசியூவுக்குள் புதிதாக எழுதுகிற வேலையை வர்ச்சுவல் மெஷினில் செய்யாதீர்கள், நடுவில் தடங்கினால் இசியூவே போய்விடும். வைத்திய ஆய்வுகூட மெஷின்களிலும் தயாரிப்பாளரிடம் கேட்காமல் கை வைக்க வேண்டாம், அங்கே தவறான ஓர் எண் ஒரு நோயாளியின் அறிக்கையில் போய் உட்கார்ந்துவிடும்.

கணினி இன்னும் உயிரோடு இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இப்போதே அந்த ஹார்ட் டிஸ்க்கின் முழுப் பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். புரோகிராமின் சீடி தொலைந்திருக்கும், லைசன்ஸ் எண் யாருக்கும் ஞாபகம் இராது, விற்ற கம்பனியும் சிலவேளை மூடியிருக்கும். பிரதி இருந்தால் அதிலிருந்து வர்ச்சுவல் மெஷின் செய்வது பெரும்பாலும் ஒரு பின்னேர வேலை. டிஸ்க் செத்த பிறகு என்னைப் போன்றவர்களைக் கூப்பிட்டால் நாங்கள் வந்து உச்சுக் கொட்டிவிட்டுப் போக மட்டும்தான் முடியும்.

தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் தனியார் வகுப்புகளிலும் நெட்வேர்க்கிங், வெப் டிசைன் என்று நிறையச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதையும் ஒரு வாரம் சேர்த்தால் பிள்ளைகளுக்குப் புறக்கோட்டையிலேயே வேலை கிடைக்கும், வெளிநாட்டு விசாவுக்கு வரிசையில் நிற்கத் தேவையில்லை. தமிழில் இதற்கு ஒழுங்கான வழிகாட்டி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் படிப்படியாக ஒரு தொடர் போடுங்கள், எழுதுகிறவருக்குத் தேவையான படங்களையும் அமைப்பு விவரங்களையும் நானே தருகிறேன். சிஎன்சி லேத்திலிருந்து தொடங்கினால் நல்லது, இப்போது கூடுதலாக அழைப்பு வருவது அங்கிருந்துதான்.

இப்படிக்கு,
மெஷின் திருத்துகிற வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.