சனிக்கிழமை இரவு பில் போகாது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

வரும் சனிக்கிழமை இரவு 9 மணியிலிருந்து ஞாயிறு விடியப்புறம் 5 மணிவரை எங்கள் பில் மென்பொருள் வேலை செய்யாது. அந்த நேரத்தில் பரந்தனிலோ மாங்குளத்திலோ கடை திறந்திருக்காதுதான், ஆனால் இது அரிவுவெட்டுக் காலம், மில்காரருக்கு இரவு பகல் கிடையாது, அதனால் முதலே சொல்லிவிடுகிறோம்.

காரணம் ராபிட்எம்க்யூ (RabbitMQ) என்ற ஒரு மென்பொருள், எங்கள் பில் மென்பொருளுக்குப் பின்னால் ஓடுகிறது. உங்கள் கண்ணில் அது படுவதே இல்லை. புதுக்குடியிருப்புக் கிளையில் பத்துப் பை சீமெந்து கடனுக்குப் போகிறது என்று வையுங்கள். பில் விழ வேண்டும், கிளிநொச்சிக் களஞ்சியத்தில் பத்துப் பை குறைய வேண்டும், வாங்கினவரின் கடன் கணக்கிலும் ஏற வேண்டும். நடுவில் லைன் போனால் பில் விழுந்துவிடும், மற்ற இரண்டும் தொங்கும். அப்படித் தொங்காமல், லைன் திரும்பும்வரை செய்தியை வரிசையில் பிடித்து வைத்திருந்து, 'பதிந்தாச்சு' என்று பதில் வந்த பிறகே கைவிடுவது இதன் வேலை.

நாங்கள் வைத்திருப்பது 3 ஆம் பதிப்பு. 4 வந்தது 2024 இல். ஓடுகிற வண்டியை ஏன் கழற்றுவான் என்று இருந்துவிட்டோம், இப்போது 3 க்கு இலவசத் திருத்தங்கள் வருவதில்லை, அதனால் சனி இரவு 4 க்கு மாறுகிறோம்.

பழையதில் ஒரு வரிசையின் நகலை இன்னொரு கணினியிலும் வைக்கும் மிரர் முறை இருந்தது. 4 இல் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் குவோரம் வரிசை: பாதிக்கு மேற்பட்ட கணினிகள் எழுதினால்தான் செய்தி ஏற்கப்படும். இரண்டில் ஒன்று விழுந்தால் மிஞ்சுவது பாதிதான், பாதிக்கு மேல் இல்லை, ஆகவே மூன்றாவது கணினி வாங்கினோம். (அதற்கு உங்களிடம் காசு கேட்க மாட்டோம்.) இருக்கிற வரிசையை அப்படியே வேறு வகையாக மாற்றவும் வழியில்லை, பழையதை வடித்துப் புதியதில் ஊற்ற வேண்டும். இரவு பிடிப்பது அதற்குத்தான்.

ஒத்திகையில் ஒன்று எங்களைத் திடுக்கிட வைத்தது. உரப்பை ஒன்றைத் திருப்பி எடுத்த பதிவு, பொருள் குறியீடு பிழையாக இருந்ததால், காணாமலே போய்விட்டது. பழையது என்றால் அதை விடியவிடியச் சுற்றிக்கொண்டிருக்கும். புதிய குவோரம் வரிசையோ, வேறு இடம் சொல்லி வைக்காவிட்டால், 20 தரம் திருப்பிக் கொடுத்துப் பார்த்துவிட்டு வீசிவிடும். இப்போது அப்படியானவை தனி வரிசையில் ஒதுங்கும், காலையில் எங்கள் ஆள் ஒருவர் கையால் பார்ப்பார்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. சனி 9 மணிக்கு முன் அன்றைய கணக்கை மூடுங்கள், திரையில் 'அனுப்பாதவை' 0 என்று காட்டுகிறதா பாருங்கள். இரவு விற்பதைக் காபன் கொப்பியில் எழுதி, ஞாயிறு 5 மணிக்குப் பிறகு பதியுங்கள். ஏற்கெனவே அடித்த பில்லை மட்டும் திரும்ப அடிக்க வேண்டாம். போன முறை ஒரு கடையில் பயந்துபோய் ஒரே பில்லை மூன்று தரம் அடித்து, களஞ்சியத்தில் சீமெந்து கழித்தல் 14 பை என்று நின்றது. முதலே சொல்லி வைக்காதது எங்கள் பிழைதான்.

அதிகாலை 3 மணிக்குள் சரிவராவிட்டால் பழையதற்கே திரும்பிவிடுவோம். 4 இலிருந்து 3 க்கு இறங்கும் வழி அதில் இல்லை, அதனால் முழுப் பிரதி எடுத்து வைத்துவிட்டே தொடங்குவோம். வழமையான இலக்கத்துக்கே எடுங்கள், இரவு முழுக்க இரண்டு பேர் முழித்திருப்போம்.

உங்கள் பில் மென்பொருள்காரர்,
கிளிநொச்சி