கையும் காலும் ஆங்கிலமும்

லீட்ஸ்,
9 நவம்பர் 2024

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. மூட்டு அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் கோயில்வரை நடந்து போய் வருகிறாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பொழுதை எப்படிக் கழிக்கிறேன் என்று கேட்டிருந்தாய். அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நாற்பது ஆண்டுகள் தமிழ் இலக்கணம் நடத்திய உனக்கு இதில் ரசிக்க நிறைய இருக்கிறது.

வியாழக்கிழமைதோறும் எங்கள் பகுதி நூலகத்தில், உக்ரைனிலிருந்து வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அன்றாட ஆங்கிலம் பழக்குகிறோம். உள்ளூர்க்காரப் பெண்மணி ஒருவரும் நானும் இதில் கூட்டாளிகள். 2022 மார்ச்சில் பிரிட்டன் அரசு 'உக்ரைனுக்கு வீடுகள்' என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்குத் தம் வீட்டில் இடம் ஒழித்துக் கொடுத்து, குறைந்தது 6 மாதம் வைத்துக்கொள்ளச் சம்மதிப்பவர்களுக்கு, நன்றித் தொகையாக மாதம் 350 பவுண்டு வழங்கப்பட்டது. அப்படி வந்தவர்கள் விமானத்திலிருந்து இறங்கிய அன்றைக்கே முன்பின் தெரியாத ஒருவருடைய சமையலறையில் நின்றார்கள் என்பதை யோசித்துப் பார். அங்கே அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது இலக்கணமா? வடிகட்டி எங்கே இருக்கிறது, பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் ஏன் இறங்கவில்லை, குப்பையை எந்த நிறத் தொட்டியில் போட வேண்டும் என்று கேட்பதற்கான சொற்கள்தாம் தேவைப்பட்டன.

பள்ளியில் அவர்களும் ஆங்கிலம் படித்தவர்கள்தாம். 'லண்டன் இஸ் தி கேப்பிட்டல் ஆஃப் கிரேட் பிரிட்டன்' என்ற வாக்கியத்தை நான் முதல் வகுப்பில் தற்செயலாகச் சொன்னபோது அறையே சிரித்தது. அந்தப் பக்கத்து நாடுகளில் ஒரு தலைமுறை முழுவதும் பாடமாக ஒப்பித்து, பிறகு தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளப் பயன்படுத்தும் வாக்கியமாம் அது. தலைநகரம் தெரியும்; தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லத் தெரியாது. நம் நிலைமை மட்டும் வேறாகவா இருந்தது? ஷேக்ஸ்பியரின் வரிகளை மனப்பாடமாகச் சொன்ன நான், இங்கு வந்த புதிதில் ஒரு திருகாணி வாங்கக் கடையில் கையால் அபிநயம் பிடித்தது உனக்குத் தெரியும்.

கார்கிவ் நகரில் கணக்கு ஆசிரியையாக இருந்த ஒரு பெண்மணி எங்கள் வகுப்புக்கு வருகிறார். குளியலறையில் வழுக்கி, கால் பெருவிரலை இடித்துக்கொண்டவர், மருத்துவரின் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, 'என் லெக்கில் இருக்கும் ஃபிங்கர் உடைந்துவிட்டது' என்று சொல்லியிருக்கிறார். எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லையாம். பிறகு, 'உடைந்தது லெக்கா, ஃபிங்கரா?' என்று கேட்டிருக்கிறார்கள். இவர் யோசித்துவிட்டு, 'இரண்டும் ஒன்றுதான்' என்றாராம். வகுப்பில் அவர் இதைச் சொல்லி முடித்தபோது உடன் பாடம் நடத்தும் அம்மையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. உக்ரேனிய மொழியில் 'ரூகா' என்றால் தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே கைதான். 'நொஹா' என்றால் இடுப்புக்குக் கீழே பாதம்வரை எல்லாமே கால்தான். 'பாலெத்ஸ்' என்ற ஒரே சொல் கைவிரலுக்கும் கால்விரலுக்கும் பொது. நம் கை, கால், விரல் என்பவற்றை அப்படியே எடுத்து அங்கே பொருத்தலாம், ஒரு நூல்கூடப் பிசகாது. கரும்பலகையில் ஓர் ஆளை வரைந்து, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கோடு கிழித்து, 'இந்த இடங்களில் ஆங்கிலேயர் வேலி போட்டிருக்கிறார்கள், வேலியைத் தாண்டினால் பெயர் மாறிவிடும்; ஆர்ம் ஹேண்டாகும், லெக் ஃபுட்டாகும், அங்கே இருக்கும் விரல் ஃபிங்கர் இல்லை, டோ' என்று சொன்னேன். அதற்குப் பிறகு அந்தத் தவறு வகுப்பில் வரவே இல்லை. எங்கள் மொழியிலும் வேலி கிடையாது என்று நான் சொன்னதும், அதுவரை என்னை ஆங்கிலக்காரர் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தவர்கள் நாற்காலியைச் சற்றுப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேள். 'மிஸ்யாத்ஸ்' என்பது அவர்களுக்கு நிலவு, மாதமும் அதுதான். நம் திங்கள் இரண்டு வேலையையும் பார்ப்பதுபோலவே. ஆனால் மாதப் பெயர்கள்தாம் அவர்களைப் படாதபாடு படுத்துகின்றன. ரஷ்ய மொழி ஐரோப்பாவின் பொதுவான மாதப் பெயர்களை எடுத்துக்கொண்டது. உக்ரேனியர்கள் தம் பழைய பெயர்களை விடவில்லை. பிப்ரவரி அவர்களுக்குக் 'கொடியது', ஆகஸ்டின் பெயர் அரிவாளிலிருந்து வந்தது, அது அறுவடைக் காலம், அக்டோபர் மஞ்சள், நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் நவம்பர் 'லிஸ்தொபாத்', இலையுதிர்வு. சன்னலுக்கு வெளியே பார்த்தால் அந்தப் பெயரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜூனையும் ஜூலையையும் குழப்பிக்கொண்ட ஒரு பெரியவர், பல் மருத்துவரிடம் சரியாக ஒரு மாதம் தாமதமாகப் போய் நின்றார். கணக்கு ஆசிரியைக்கு ரஷ்ய மொழியும் நன்றாகத் தெரியும்; அதன் வழியாகப் பன்னிரண்டு பெயர்களையும் ஒரே நாளில் கற்றுவிடலாம். அந்த வழி தமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறந்த வீட்டில் பேசிய மொழியே ரஷ்யன்தானாம்; 2022-க்குப் பிறகு விட்டுவிட்டாராம். நான் மேலே எதுவும் கேட்கவில்லை.

ஒலி பழக்கும் பொறுப்பை மட்டும் நான் ஏற்பதில்லை. அவர்களுடைய மொழியின் வகரம் ஏறத்தாழ நம் வகரம்தான். ஆங்கிலத்தில் மேற்குத் திசைக்கும் உள்பனியனுக்கும் உள்ள வேறுபாடு அவர்கள் வாயிலும் நிற்காது, என் வாயிலும் நிற்காது. தமிழில் எழுதினால் இரண்டும் 'வெஸ்ட்'தானே! அந்தப் பாடம் வரும்போது நான் தேநீர் போட எழுந்து போய்விடுவேன்.

சொல் தெரிந்தும் பொருள் தெரியாமல் போகும் இடங்கள் வேறு. இந்த யார்க்‌ஷயர் பக்கத்தில் 'டீ' என்றால் பல வீடுகளில் மாலைச் சாப்பாடு. ஐந்து மணிக்கு டீக்கு வரச் சொன்னார்களே என்று ஓர் இளம்பெண் வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போய், அங்கே தட்டு நிறைய இறைச்சியும் உருளைக்கிழங்கும் பரிமாறப்பட்டபோது திகைத்திருக்கிறாள். வழியில் பார்ப்பவர்கள் 'யூ ஆல்ரைட்?' என்று கேட்டுக்கொண்டே நடந்துவிடுவார்கள். மிகோலயிவ் நகரில் மின்பணியாளராக இருந்த ஒருவர், தம் முகத்தில் ஏதோ நோய்க்களை தெரிகிறதோ என்று அஞ்சி, ஒவ்வொரு நாளும் அண்டை வீட்டாரை நிறுத்தி வைத்து இரத்த அழுத்தம் முதல் முதுகுவலிவரை விளக்கிக்கொண்டிருந்தாராம். எங்கள் ஊரில் 'சாப்பிட்டாயிற்றா?' என்று கேட்பவர் சோறு போடப் போவதில்லை என்று சொல்லிப் புரியவைத்தேன்.

உக்ரைனில் இந்த ஆண்டு ஆங்கிலத்தைப் பன்னாட்டுத் தொடர்பு மொழியாக ஏற்றுச் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். அரசின் உயர் பதவிகள் பலவற்றுக்கு இனி ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் அலுவலகக் கோப்பில் எழுதும் ஆங்கிலத்தை இரண்டு ஆண்டு படித்தால் பிடித்துவிடலாம் என்பதும், வீட்டுக்குள் புழங்கும் ஆங்கிலம் வீட்டுக்குள் புழங்கினால்தான் வரும் என்பதும் என் எண்ணம். ஆகவேதான் நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டு, ஆளுக்கொரு பொருளை வீட்டிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறோம். சென்ற மாதம் ஒருவர் பூண்டு நசுக்கும் கருவியைக் கொண்டுவந்தார். அதன் பெயர் உள்ளூர்க்கார அம்மையாரைத் தவிர எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சென்ற வியாழன் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. கணக்கு ஆசிரியை வந்து உட்கார்ந்ததும், 'அம்மாவிடமிருந்து எனக்கு லிஸ்ட் வந்திருக்கிறது' என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஊரிலிருந்து ஏதோ சாமான் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து, 'என்னென்ன வாங்க வேண்டும்?' என்று கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினார். இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாமல் எழுதியிருந்தது. ஓரத்தில் இடம் போதாமல் கடைசி வரி செங்குத்தாக ஏறிப் போயிருந்தது. 'லிஸ்ட்' என்றால் அவர்கள் மொழியில் இலை, கடிதமும் அதுவே. நம் ஓலையைப் போலத்தான் என்று சொல்லி, பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய கதையை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே அந்தத் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

ஓலை என்ற சொல் எப்போதிலிருந்து கடிதத்தைக் குறிக்கிறது, இலக்கியத்தில் எங்கெங்கே வருகிறது என்று நீ எழுதினால் உதவியாக இருக்கும். செல்பேசியில் தட்டி அனுப்பிவிடாதே. தாளில், உன் கையெழுத்தில் எழுதித் தபாலில் சேர்த்துவிடு. வகுப்பில் எடுத்துக் காட்ட எனக்கும் ஒரு லிஸ்ட் வேண்டும்.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்