மகனுக்குப் பலகை கேட்டாயே

வெள்ளவத்தை,
கொழும்பு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கடலில் காலைக்கூட நனைக்காத உனக்கு அலைச்சறுக்குப் பைத்தியமாக ஒரு மகன்! சிட்னிக் காற்று செய்த வேலையாக இருக்கும். "கொழும்பு மாமா பலகை செய்து தருவாரா" என்று கேட்டானாம். தருவேன். எந்த அலைக்கு என்று மட்டும் நீ எழுதவில்லை.

இங்கே வருகிறவர்களும் இப்படித்தான். ஹவாய்ப் படம் ஒன்றை போனில் காட்டி "இதே மாதிரி வேணும்" என்பார்கள். அந்தப் பலகையின் முனை அவ்வளவு வளைந்திருப்பது, செங்குத்தாக விழும் அலையில் முனை குத்தாமல் இறங்குவதற்கு. அதை வெலிகமவின் சாதுவான அலையில் போட்டால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அப்படியே நிற்கும்.

நான் வருடம் முழுக்க ஒரே கரையில் கிடப்பதில்லை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெற்குப் பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் இந்தக் கடல் குழம்பிவிடும். அதே காற்று கிழக்கில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அங்கே அலை தலைவாரி விட்டது போல வடிவாக வரும். அப்போது பொத்துவில் பஸ் ஏறிவிடுவேன். அங்கே அறுகம்குடாவில் அலை நிலமுனையைச் சுற்றி வலப்பக்கமாக நீளத்துக்கு ஓடும். ஒரே அலையில் பல தரம் திரும்பலாம். பலகையின் விளிம்பு தண்ணீரைப் பிடிக்கிறதா வழுக்குகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். தெற்கே மிதிகமவில் சில இடங்களில் பாறை நீர்மட்டத்துக்குக் கிட்டவே கிடக்கும், அலை சட்டென்று எழும். அங்கே போய் வந்த பிறகுதான் என் பலகைகளின் முனை வளைவு கூடியது, வால் ஒடுங்கியது.

ஆனால் எனக்கு அதிகம் படிப்பித்தது கொழும்புக்குப் பக்கத்துக் கல்கிசையின் சோம்பல் அலைதான். சொன்னால் சிரிப்பாய். நல்ல அலை வேகத்தைத் தானே கொடுத்துவிடும், அறுகம்குடாவில் கதவைக் கழற்றிப் போட்டாலும் ஓடும். கல்கிசையில் வேகத்தைப் பலகைதான் உண்டாக்க வேண்டும். அடிப்பக்கம் எவ்வளவு தட்டை, வால் எவ்வளவு அகலம், மார்புக்குக் கீழே ஃபோம் எவ்வளவு தடிப்பு, எல்லாம் அங்கே அம்பலமாகிவிடும். அந்த அலையை அலட்சியம் செய்கிற பலகைக்காரனை நான் நம்பமாட்டேன்.

உங்கள் ஊர் சைமன் அண்டர்சனையே பார். சிட்னியின் நரபீன் கடற்கரைக்காரர், அலைச்சறுக்கு வீரர், பெரிய உடம்பு. அந்தக் காலத்தில் அடியில் மீன் செதில் போல இரண்டு ஃபின் வைத்த பலகைதான் மோஸ்தர். சின்ன அலையில் துள்ளும், பெரிய அலையில் வழுக்கும். தன் உடம்புக்கு அது சரிவராததால் 1980இல் பின்னால் நடுவில் மூன்றாவது ஃபினையும் வைத்துத் தானே ஒரு பலகை செய்தார். 1981இல் பெல்ஸ் கடற்கரையில் மலை போல அலை எழுந்த போட்டியில் அந்தப் பலகையோடு வென்றார். காப்புரிமை எடுக்கவில்லை, பாவம் மனுஷன். இன்று அலைச்சறுக்குகிறவர்களில் பாதிப் பேர் காலுக்குக் கீழே அவருடைய யோசனைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொடியனின் நிறை, உயரம், எந்தக் கடற்கரை, அடியில் மணலா பாறையா, எந்தக் கால் முன்னுக்கு, எல்லாம் எழுதச் சொல். கரையில் நின்று நீயே ஒரு வீடியோ எடுத்து அனுப்பு, அவன் அனுப்பினால் விழாத அலையாகப் பொறுக்கி அனுப்புவான். டிசம்பரில் வரும்போது பலகை தயாராக இருக்கும். அதை விமானத்தில் ஏற்றுவது உன் பாடு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி