அமெரிக்காவின் லூசியானா மாநிலச் சட்டமன்றத்துக்கு: கச்சோலத்தைப் பட்டியலிலிருந்து எடுங்கள்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

2005-ல் நீங்கள் இயற்றிய 159-ஆம் சட்டம் ஏறக்குறைய நாற்பது செடிகளையும் காளான்களையும் மாயத்தோற்றம் தருபவை என்று பட்டியலிட்டது. அழகுக்காக வளர்க்கலாம். மனிதர் உட்கொள்வதற்கென்று அவை கலந்த எதையும் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. அப்படிக் கலந்ததை வைத்திருந்தாலே ஐந்தாண்டு வரை சிறை. நோக்கத்தோடு எங்களுக்குச் சண்டையில்லை. பட்டியல்தான் உறுத்துகிறது.

அதில் கச்சோலம் இருக்கிறது. இஞ்சிக் குடும்பத்துக் கிழங்கு. இந்தோனேசியர் அரிசியோடு அரைத்து, பனைவெல்லம் சேர்த்துக் குடிப்பது. நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த வில்லைகளாகக் கிடைப்பது. சமையலுக்கென்று அதன் தூளை வைத்திருப்பவரும் உங்கள் வாசகப்படி குற்றவாளிதான்.

எரித்ரைனா பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள பல செடியினங்களின் தொகுதி, முழுவதையும் ஒரே வரியில் அடைத்துவிட்டீர்கள். எங்கள் கல்யாண முருங்கை அந்தப் பேரினம். ஊறவைத்த அரிசியோடு அதன் இலையையும் மிளகையும் அரைத்து, சளிக்கு அடை சுடுகிறோம். தசையைச் செயலிழக்கச் செய்யும் ஆல்கலாய்டுகளுக்கு (செடியிலுள்ள வீரியமான வேதிப்பொருட்களுக்கு) பேர்போனது விதை. விதையையும் இலையையும் பிரிக்காத சட்டம் அடைக்கும் பொருந்தும்!

நித்தியகல்யாணியும் உண்டு, வின்கா ரோசியா என்ற பழைய பெயரில். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் கிடைப்பது அந்தச் செடியிலிருந்து. வாயில் போட வேண்டிய செடியல்ல, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதன் ஆபத்து நச்சு, போதை அல்ல.

இன்னொரு பெயர் ஐபோமியா வயலேசியா. அது இரவில் வெள்ளையாகப் பூக்கும் கடற்கரைக் கொடி. மாயத்தோற்றம் தருவதென்று நீங்கள் குறிவைத்தது நீலப்பூ பூக்கும் ஐபோமியா டிரைகலர் என்றே நினைக்கிறோம். தாவர நூல்களிலேயே இந்தக் குழப்பம் உண்டு. வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும்.

ஊமத்தை இருக்க வேண்டியதுதான். அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற ஆல்கலாய்டுகளின் அளவு செடிக்குச் செடி, காய்க்குக் காய் மாறும். நேற்று தாங்கிய அளவு இன்று கொல்லலாம். குடலின் அசைவையும் அவை மந்தப்படுத்துவதால், உள்ளே போனது நெடுநேரம் ஊறிக்கொண்டே இருக்கும்.

பேரினத்தை மொத்தமாகத் தடுக்காமல், இனத்தின் இன்றைய பெயர், செடியின் பாகம், குறிப்பிட்ட ஆல்கலாய்டு மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். சமையலில் வழக்கமாகப் பயன்படுபவற்றுக்கு விலக்கு என்று ஒரு வரி சேருங்கள். கச்சோலத்தை நீக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தொடரிலேயே செய்யலாம்.

இப்படிக்கு,
மூலிகையும் தாவரவியலும் அறிந்த சிலர்