90 நொடியில் நின்றுபோன சர்வரை எழுப்பியவருக்கு நன்றி

பெயர் சொல்லாமலே போனை வைத்துவிட்ட அண்ணா, உங்களுக்கு எங்கள் நன்றி. எங்கள் லினக்ஸ் சர்வர் பூட் ஆகாமல் பாதியில் நின்றபோது, ரேமைக் கழற்று, ஓஎஸ்ஸைத் திரும்பப் போடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசியா எந்த டிஸ்க்கைக் கழட்டினீங்க?"

கோளாறு அங்கேதான். பழைய பேக்கப் டிஸ்க்கை எடுத்தாயிற்று, பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் அதன் யூயூஐடி (UUID, டிஸ்க்கை அடையாளம் காட்டும் தனிக் குறியீடு) வரி மட்டும் அப்படியே கிடந்தது. வராத டிஸ்க்குக்காக, லினக்ஸைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி (systemd) 1 நிமிடம் 30 நொடி காத்திருந்து, பழுதுபார்க்க மட்டும் திறக்கும் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக ஓடும் அந்த வரியிலேயே யூயூஐடி இருக்கிறது; பொறுமையாகப் படித்தால் போதும்.

ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், ஓஎஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) இருந்தால் எழுதும்படி ரீமவுண்ட் செய்து (மறுபடி இணைத்து), இருக்கும் டிஸ்க்குகளின் யூயூஐடிகளை பிஎல்கேஐடி (blkid) கட்டளை காட்டுவதோடு எஃப்எஸ்டேப்பை ஒப்பிட்டு, பொருந்தாத வரி செயல்படாதபடி அதன் முன்னால் ஒரு ஹேஷ் குறி (#). ரீபூட். எழுந்துவிட்டது.

எஃப்எஸ்டேப்பில் மற்ற டேட்டா டிஸ்க்குகளின் வரிகளுக்கு நோஃபெயில் (nofail) என்று சேர்க்கச் சொன்னீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. இனி அவற்றில் ஒன்று செத்தாலும் சர்வர் பூட் ஆகிவிடும். எஃப்எஸ்டேப்பைத் தொட்டால், ரீபூட்டுக்கு முன், அதில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் ஃபைண்ட்எம்என்டி வெரிஃபை (findmnt --verify) கட்டளையை ஓட்டாமல் இப்போது இங்கே யாரும் எழுந்திருப்பதில்லை, அண்ணா.